கால் சுற்று

ஒன்பது நாள் டீசலில் ஊறிய போல்ட்
இன்று காலை பதினொன்றேகாலுக்கு
கால் சுற்று திரும்பியது.
மல்லாந்து படுத்தபடி
ஸ்பேனரை விடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
ஜெசிந்தா பூசைக்குப் போயிருந்தாள்.

அறுபத்தொன்பதாம் வருடத்து ஹெரால்ட்.
காக்ஸ் டவுன் வாடகை வீட்டில்
ஸ்கூட்டர் நிற்க வேண்டிய இடத்தில்
நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல்
நாலரை வருடமாக நிற்கிறது.
வாங்கிய அன்று சொன்னேன்,
கிறிஸ்துமஸுக்கு இதில்தான் கோலார் போகிறோம்.
எந்தக் கிறிஸ்துமஸ் என்று சொல்லவில்லை.
அது ஒன்றுதான் புத்திசாலித்தனம்.

வாரத்தில் ஆறு நாள் என் பிழைப்பு
மோதிய வண்டிகளைப் பார்ப்பது.
ஹெப்பால் மேம்பாலத்திலிருந்து இழுத்து வந்தவை,
தும்கூர் ரோட்டில் லாரிக்கு அடியில் போனவை.
சுற்றி ஒரு நடை, பத்துப் படம்.
செலவு விலையைத் தாண்டினால்
படிவத்தின் கடைசிக் கட்டத்தில்
முழு இழப்பு
என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
ஒரு வண்டிக்கு இருபது நிமிடம்.
டேஷ்போர்டு பெட்டியில் சில சமயம்
பாதி கடித்த கடலை மிட்டாய் இருக்கும்.
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

என் கணக்குப்படி பார்த்தால்
இந்த ஹெரால்டுக்கு ஐந்து நிமிடமே அதிகம்.
இடது பக்கத் தரை அப்பளம்,
விரல் வைத்தால் உள்ளே போகும்.

முதல் வருடம் பிரித்தேன்.
பிரிப்பது யாருக்கும் வரும்.
இரண்டாம் வருடம்
பிரித்ததை எங்கே வைத்தேன் என்று தேடினேன்.
போன மழைக்காலம் பூராவும்
ஒரே ஒரு கதவு, உப்புத்தாள்,
மூக்கில் சிவப்புத் தூள்.
கார்புரேட்டர் இட்லித் தட்டுகளுக்குப் பக்கத்தில் தூங்குகிறது.
பின்சீட் ஹாலில் கிடக்கிறது.
வருகிறவர்கள் அதில்தான் உட்கார்கிறார்கள்.
ஜெசிந்தா உறை தைத்துப் போட்டுவிட்டாள்,
இனித் திருப்பித் தருவாள் என்று தோன்றவில்லை.
நட்டுகளும் வாஷர்களும் ஊறுகாய் பாட்டில்களில்.
பெரிய பாட்டிலின் மேல் அவள் கையெழுத்து:
'எதற்கென்று தெரியாதவை'.

சிவாஜிநகரில் பழைய சாமான் விற்கும் ஜபியுல்லா
எனக்காக ஒரு வைப்பர் மோட்டார் தேடுகிறார்,
மூன்று வருடமாக.
ஒவ்வொரு மாதமும் டீ வாங்கித் தந்து
அடுத்த வாரம் சார் என்கிறார்.
அவருடைய அடுத்த வாரமும்
என்னுடைய கிறிஸ்துமஸும்
ஒரே காலண்டரில் அச்சடித்தவை.

மாடி வீட்டு கங்கஹனுமய்யா
நடை முடிந்து வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு
யாவாக ஓடுத்தெ என்று கேட்பார்.
முன்பு தேதி சொல்வேன். அப்புறம் மாதம்.
இப்போதெல்லாம் பேசாமல் பானெட்டைத் திறந்து காட்டுகிறேன்.
மட்கார்டோடு, விளக்குகளோடு
முன்பக்கம் முழுக்க அப்படியே எழுந்து
முதலை வாய் மாதிரி நிற்கும்.
உள்ளே எஞ்சின் இல்லை.
அவர் அந்த வெற்றிடத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்
தலையாட்டிக்கொண்டு படியேறுவார்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி, கரண்ட் போன சமயம்,
ஆபீஸ் படிவம் ஒன்றை எடுத்து
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
இதற்கும் எழுத ஆரம்பித்தேன், விளையாட்டாகத்தான்.
சேஸிஸ் எண். துருவின் அளவு. உதிரிக்கு ஆகும் தொகை.
அந்தத் தொகையை எழுதும்போது விளையாட்டு போய்விட்டது.
கடைசிக் கட்டத்தை எழுதாமல் விட்டேன்.
மறுவாரம் பார்த்தால் அந்தத் தாளின் பின்புறம்
ஜெசிந்தா பால் கணக்கு எழுதியிருக்கிறாள்.
நாலாம் தேதி அரை லிட்டர் கூட.

கேட் சத்தம்.
வண்டிக்கடியிலிருந்து
அவள் செருப்பும் சேலைக் கரையும் மட்டும் தெரிந்தன.
திரும்பிவிட்டது என்று கத்தினேன்.
கால் சுற்று!
செருப்பு இரண்டும் நின்றன.
பையைக் கீழே வைத்தாள். குனிந்தாள்.
எந்தப் பக்கம், என்றாள்,
கழற்றுகிற பக்கமா, இறுக்குகிற பக்கமா?

எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
அவளும் உள்ளே வந்தாள்.